உன் அண்ணன் தண்ணீர் வண்டி ஓட்டினான்

சம்பத்துக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று பாடி பஸ் ஸ்டாப்பிலிருந்து மண்ணூர்பேட்டை வரைக்கும் சுவருக்குச் சுவர் பார்த்துக்கொண்டே வந்தேன். போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து நீ இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பட்டாபிராமில் மாமனார் வீட்டில் பதுங்கிக்கொண்டு, பெண்டாட்டியைத் தூது அனுப்புகிறாய். நேரில் வந்திருந்தால் வாயால் கேட்டிருப்பேன், கையாலும் கேட்டிருப்பேன். நீ வராததால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே தொண்டை போன வாத்தியாரம்மா நான். உனக்கும் உன் அண்ணனுக்கும் கையைப் பிடித்து ‘அ’ போட வைத்தவளும் நான்தான். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை நம் தெருப் படிப்பகத்தின் பலகையில் ஒட்டப்போகிறேன். பெற்றவளே மானத்தை வாங்குகிறாள் என்று குதிக்காதே. சுவரில் முதலில் ஒட்டியவன் நீ. பதிலும் ஊரறியத்தான் வரும்.

அன்றைக்குப் பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடைச் சுவரில் பசை காயாத போஸ்டர். மிலிட்டரி உடுப்பு, தொப்பி, தோளில் துப்பாக்கி, மேலே ‘மாவீரன் ஏழுமலை’ என்று கொட்டை எழுத்து. எனக்கு எழுத்து கண்ணில் படவே இல்லை சம்பத். முகம்தான் பட்டது. சதை போட்டு, தெளிவாக, புத்தம் புதிதாக ஒரு முகம். என் பிள்ளை பிழைத்துவிட்டான், எங்கேயோ சிறையில் இருந்தவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதைத்தான் ஊருக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஒரு லாரி கடந்து போகிற நேரம் இருக்கும். அந்த நேரம் பூராவும் அவன் உயிரோடு இருந்தான். கிட்டே போய்க் கையை வைத்தேன், பசை ஒட்டியது. அப்புறம்தான் இடது புருவத்து வெட்டைப் பார்த்தேன். சின்ன வயதில் கிணற்றுமேட்டிலிருந்து நீ விழுந்து பட்ட வெட்டு. டீக்கடைக்காரர் ஓடி வந்து, “இன்னாம்மா, உக்காருங்க, தண்ணி குடிங்க”, என்று ஸ்டூலைப் போட்டார். அவன் செத்த சேதியைத் தந்தி ஒரு தடவைதான் சொன்னது. இரண்டாவது தடவை சொன்னவன் நீ.

உன் பெண்டாட்டி வள்ளி நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை வெயிலில் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாய், அதை வேறொரு நாள் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் சிலை திறப்பு. வீரத்தாய் திரையை விலக்கி முதல் மாலை அணிவிப்பார் என்று போட்டிருக்கிறது. வீரத்தாய் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நான்தானாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? உன் மன்றத்துக்குக் கட்சித் தலைவர் வருகிறார், அடுத்த தேர்தலில் உனக்கு ஒரு இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஆகவே அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மேடையில் உட்கார வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கிற எனக்கு எதற்குடா வெள்ளைப் புடவை? வள்ளி அதைச் சொல்லவே பயந்தாள் பாவம்.

நோட்டீசை முழுதாகப் படித்தேன். உன் அண்ணன் கனவில் பாரதத்தாய் வந்து அழைத்தாளாம். ஏழுமலைக்குக் கனவா? பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற பிள்ளை அவன். பள்ளிப் பருவத்திலேயே சிலம்பம் சுற்றி ஊரைக் காத்தானாம். பள்ளிக்கூடத்தில் அவன் சுற்றியது எல்லாம் லாரி ஷெட்டைத்தான். கடைசியில் எதிரியின் டாங்கிமேல் தாவி ஏறி, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே, ஜெய்ஹிந்த் என்று முழங்கி உயிர் விட்டானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ பூசணிக்காயைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எதையோ வைத்துச் சோறு பிசைந்திருக்கிறாய்.

அவன் யார் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினாய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஆகவே ஊருக்காகச் சொல்கிறேன், நீயும் கேள். உன் அண்ணன் வேலைக்குச் சோம்பேறி இல்லை, ஆனால் தண்ணீர் தூக்கச் சொன்னால் மட்டும் ஆளைக் காணோம். நான் குடத்தை எடுக்கிற சத்தம் கேட்டாலே பின்பக்கமாக ஓடி, செங்கல் லாரி எதிலாவது ஏறிப் படுத்துக்கொள்வான். அந்த லாரிக்காரர்களோடு திரிந்து, கிளீனராகப் போய், ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டான். பத்தாம் வகுப்பு போனது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் புதுப்புதுக் கம்பெனியாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் அப்பனும் பாட்டனும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் அந்தக் கம்பெனிகள் எழும்பின. அந்த கேட்டுகளில் அவன் காலையில் போய் நிற்பான். வேலை காலி இல்லை என்று பலகை தொங்கும். உள்ளே ஆளைத் தெரிந்தவன் பலகையைத் தாண்டிப் போவான், இவன் பலகையைப் படித்துவிட்டு வருவான். ஒரு வருஷத்துக்கு மேல் நின்றான். அந்த கேட்டுகளில் ஒன்றின் முதலாளிதான் இன்றைக்குச் சிலைக்கு சிமெண்ட் கொடுத்திருக்கிறாராம். உயிரோடு நின்றபோது உள்ளே விடாதவர், செத்த பிறகு மூட்டை மூட்டையாகக் கொடுக்கிறார். அவர் பேரையும் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய்.

ஆவடியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனான். டிரைவர் வேலை, மூன்று வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான் அவன் கேட்டது. உடம்பில் எடை காணாது என்று யாரோ பயமுறுத்த, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனான். எடை பார்க்குமுன் பழத்தைத் தின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் முள் கொஞ்சம் ஏறும் என்று அந்த வரிசையில் நிற்கிற எல்லாப் பையன்களும் செய்கிற வேலைதான் அது. பழத்தைச் சுமந்துகொண்டு கூடப் போனவன் நீ. பாதியை வழியிலேயே தின்று தீர்த்தவனும் நீ. அப்படியும் தேறிவிட்டான். “எம்மா, இவன நம்பி போயிருந்தா நான் ஊட்டுக்குத்தான் திரும்பி வந்திருப்பேன்”, என்று உன் தலையில் குட்டினானே, நினைவிருக்கிறதா? பாரதத்தாய் கனவில் வந்த கதையைவிட இது குறைச்சலா? எனக்கு இதுதான் பெரிசு.

பெங்களூரில் பயிற்சி முடித்து, வடக்கே குளிரில் கொஞ்ச காலம், அப்புறம் கிழக்கு எல்லை. முதல் லீவில் வந்தபோது எனக்குக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வந்தான். சித்திரை மாசத்து அம்பத்தூரில் கம்பளி ஸ்வெட்டர்! போட்டுக் காட்டு என்று ஒரே பிடிவாதம். வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு நின்றேன், தெருவே சிரித்தது. என்ன வண்டி ஓட்டுகிறாய் என்று உன் அப்பா கேட்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “தண்ணி வண்டிப்பா. ஊட்ல ஒரு கொடம் தூக்க சொன்னா ஓடினேன் இல்ல? சர்க்காரு என்னைப் புடிச்சி ஒரு வண்டித் தண்ணியக் குடுத்து, எடுத்துகினு போடான்னுட்சி”, என்றான். உன் அப்பா புரையேறிச் சிரித்ததை அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன். அந்த வேலையில் அவனுக்கு வெட்கம் கிடையாது. முன்னால் இருக்கிற பசங்க தண்ணீர் இல்லாமல் இருக்கக்கூடாதும்மா, சோறு ஒரு வேளை தப்பினால்கூடப் பரவாயில்லை என்று விளக்கம் எல்லாம் சொன்னான். துப்பாக்கி இருக்கிறதாடா என்று நீதான் கேட்டாய். இருக்குது, எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன் என்றான். உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

டிசம்பரில் சண்டை வந்தது. ஊரே ரேடியோவைச் சுற்றி நின்றது. சண்டை முடியும் தறுவாயில் எனக்குத் தந்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். இங்கிலீஷில் இருந்தது, தலைமையாசிரியர் படித்துச் சொன்னார். எப்படி, எங்கே என்று ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் அவனோடு அதே வண்டியில் இருந்த குடியாத்தத்துப் பையன் ஜெயபால் லீவில் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவன் பேசியபோது நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “முன்னால இருந்த பட்டாளக் கம்பெனிக்குத் தண்ணி எடுத்துகினு போறோம்மா. நடு ரோட்ல டயரு போச்சி. மாத்திகினு இருக்கறப்ப ஷெல்லு வந்து விழ ஆரம்பிச்சிது. நான் பள்ளத்துல குதிச்சிட்டேன். டேய் வாடா வாடான்னு கத்தறேன். ‘இர்றா, இன்னும் ரெண்டு நட்டுதான், இத்த வுட்டா வண்டி நகராது’ன்றான். அடுத்தது பக்கத்துலயே விழுந்துச்சி.” அப்புறம் ஜெயபால் அழுதான். மிச்சமிருந்த அந்த நட்டுகளை ஜெயபால்தான் முடுக்கினானாம். தொட்டியில் ஓட்டைகளுக்குத் துணி அடைத்து, ஒழுகினது போக மிச்சத் தண்ணீரைச் சாயங்காலம் கொண்டுபோய்ச் சேர்த்தானாம். குடித்தவர்கள் இன்னும் எங்கேயோ உயிரோடு இருப்பார்கள். என் பிள்ளை யாரையும் சுடவில்லை. எந்த டாங்கிமேலும் ஏறவில்லை. வண்டி நகர வேண்டும் என்று நினைத்தான், செத்தான்.

ஜெயபாலை பஸ் ஏற்றிவிட்டு வந்து நீ என்னிடம் என்ன சொன்னாய்? “எம்மா, இத்த வெளில சொல்லாத. டயர் மாட்டிகினு செத்தான்னா எவன் மதிப்பான்? கேக்கவே ஒரு மாதிரி கீது.” அன்றைக்கே உன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். துக்கத்தில் உளறுகிறாய் என்று விட்டேன். உளறல் இல்லை, உனக்கு வெட்கம். உன் அண்ணன் செத்த விதம் உனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. சினிமாவில் சாகிற மாதிரி அவன் சாகவில்லை என்று உனக்குக் குறை. குண்டு விழுகிற ரோட்டில், ஓடிப்போகப் பள்ளம் பக்கத்திலேயே இருக்க, ஓடாமல் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு உட்கார எத்தனை பேரால் முடியும்? உன் தலைவரை ஒரு தரம் உட்காரச் சொல்லிப் பாரேன். நீதான் உட்காருவாயா?

இதையெல்லாம்கூடப் பொய், பித்தலாட்டம் என்று திட்டித் தீர்த்துவிடுவேன். அரசியலில் இறங்குகிறவன் பொய் சொல்லாமல் வேறென்ன செய்வான் என்று வாயை மூடிக்கொண்டும் இருந்துவிடுவேன். ஆனால் நீ பெட்டியைத் திறந்தாய். அவன் சாமான்களோடு வந்த டிரங்குப் பெட்டி. அவன் உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். காரியம் செய்ய நம்மிடம் என்ன இருந்தது? பெட்டியிலிருந்த பச்சை உடுப்பைத் தரையில் விரித்து, சட்டைக்குக் கீழே கால்சட்டையை வைத்து, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூ வைத்து, அதைத்தான் பிள்ளை என்று வைத்துக்கொண்டோம். மொட்டை அடித்துக்கொண்டு அதன்முன் உட்கார்ந்தவன் நீ. அந்தச் சட்டையின்மேல் முதல் பிடி வாய்க்கரிசி போட்டவன் நீ. எரிக்கக் கொடு என்று பங்காளிகள் கேட்டபோது, முடியாது என்று மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நான் எழுந்திருக்கவே இல்லை. அரிசி போட்ட துணி வீட்டில் இருக்கக்கூடாது என்றார்கள். இருந்தால் என்ன ஆகும், இன்னும் என்ன ஆக வேண்டும் என்று கேட்டேன். கடைசியில் உன் அப்பா அவன் படுக்கையை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் எரித்துவிட்டு வந்தார்.

அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாய். வாய்க்கரிசி விழுந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆவடி ஸ்டூடியோவில், நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற மரத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பவுடர் பூசிச் சிரித்திருக்கிறாய். அண்ணன் போட்டோ சரியாக இல்லையாம், பள்ளிக்கூட குரூப் போட்டோவில் முகம் தெரியவில்லையாம், அண்ணன் தம்பி ஒரே ஜாடைதானே என்று வள்ளி உனக்காக வாதாடினாள். போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய், மடிப்புக்கூடக் கலையவில்லை, திருடனுக்கு உள்ள புத்தி. ஆனால் தோளைப் பிடித்துத் தைத்திருக்கிறாய். உன் தோள் ஒடுங்கல், அவன் தோள் அகலம். உனக்குத் தொளதொள என்று இருந்திருக்கும், டெய்லரிடம் கொடுத்து வெட்டித் தைத்துவிட்டாய். வெட்டிய துணியை எங்கே போட்டான் அந்த டெய்லர்? குப்பையிலா? என் பிள்ளையின் உடம்பு அளவு என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான் சம்பத். இரண்டு கையையும் விரித்துப் பிடித்தால் இவ்வளவு அகலம் என் பிள்ளை என்று தெரியும். இப்போது விரித்தால் நீதான் வருகிறாய்.

அதோடு விட்டதா? நேற்று நான் திருமுல்லைவாயிலுக்குப் போனேன், உன் சிலையைச் செய்கிறவர் கொட்டகைக்கு. கோயில் பொம்மை செய்கிற நல்ல மனிதர். “வாங்கம்மா, வந்து பாருங்க, புள்ள அப்டியே உக்காந்துகினு கீறாரு”, என்று சாக்கை விலக்கினார். போஸ்டரைப் பார்த்துத்தானே செய்தார்? அப்படியேதான் செய்திருக்கிறார். உன் மூக்கு. உன் மோவாய். புருவத்து வெட்டைக்கூட விடாமல் கீறியிருக்கிறார். கீழே ஏழுமலை என்று பேர், தோற்றம், மறைவு. உன் முகத்துக்குக் கீழே மறைவு என்று எழுதியிருக்கிறதுடா. நான் வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். வாத்தியாரம்மா, நாலெழுத்து படித்தவள், சகுனம் பார்க்கமாட்டேன் என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவள்தான் நான். அங்கேயே ஒரு பிடி மண்ணை எடுத்து, உன் பேரைச் சொல்லித் திருஷ்டி சுற்றிப் போட்டேன். இத்தனை பக்கம் உன்னைத் திட்டியிருக்கிறேனே, அத்தனையும் கோபம் என்று நினைக்காதே. பாதிக்குமேல் பயம். ஒருத்தனைக் கொடுத்துவிட்டு ஒருத்தனை வைத்துக்கொண்டிருக்கிறேன். வைத்திருக்கிறவனும் செத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, செத்தவன் பேருக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறான். வள்ளி கிளம்பும்போது வாசலில் நின்று, “அத்த, எனக்கு அந்தச் சிலய நெனச்சா தூக்கமே வர்ல, அவராண்ட சொல்லவும் பயமா கீது”, என்று அழுதாள். உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் அப்பன் முகத்தில் காக்கை உட்காருவதைப் பார்த்து வளர வேண்டுமா? உன் அப்பாவைப் பார். போஸ்டர் ஒட்டிய சுவரைத் தாண்ட முடியாமல் வேலைக்குச் சைக்கிளைச் சுற்றுவழியில் ஓட்டிக்கொண்டு போகிறார்.

உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்தப் பொம்மையை உடைக்கச் சொல். ஒரு கல் போதும். ஏழுமலை, மண்ணூர்பேட்டை, டிரைவர் என்று போட்டால் போதும். டிரைவர் என்கிற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும். மைக்கைப் பிடித்து உன் வாயாலேயே சொல், என் அண்ணன் தண்ணீர் வண்டி ஓட்டினான், டயர் மாற்றும்போது ஓடாமல் இருந்ததால் செத்தான் என்று. அதற்கு ஊர் கைதட்டாது என்று உனக்குப் பயம். தட்டாவிட்டால் போகட்டும். கேட்டுவிட்டு ஒருத்தன் சும்மா நின்றால் எனக்குப் போதும்.

செய்யமாட்டேன் என்றால், அம்மா வரமாட்டாள், சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. வருவேன். வெள்ளைப் புடவையில் இல்லை, மஞ்சள் பூசிக் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வருவேன். வீரத்தாய் என்று கூப்பிட்டு, தலைவர் மாலையை என் கையில் கொடுப்பார். அதை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, அத்தனை கூட்டத்துக்கும் முன்னால் சம்பத் என்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ எந்த மூலையில் நின்றாலும் வாயைத் திறந்து, “இங்க கீறேம்மா” என்று பதில் சொல்ல வேண்டும். மெதுவாக இல்லை, கடைசி வரிசைவரைக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அது என் காதில் விழுகிறவரைக்கும் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

அம்மா